மறு: ‘மொபைல் ஹோம் பார்க்’ – ‘அடிமனைக் குடியிருப்பு’ என்று வைக்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நிலவணிகச் சொற்பட்டியலில் ‘மொபைல் ஹோம் பார்க்’ என்ற பதிவுக்கு, அதாவது ஆலையில் கட்டிக் கொண்டுவரும் வீடுகளை நிறுத்த மனைகளை வாடகைக்கு விடும் இடத்துக்கு, தமிழ்ச் சொல்லாக வந்த பரிந்துரைகளைப் படித்தேன். அமெரிக்காவில் சிறிய அளவில் இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தையும் வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘நடமாடும் வீட்டுப் பூங்கா’ என்று போட்டுவிடலாமே. படித்தவுடன் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். பூங்கா என்றால் செடி, கொடி, ஊஞ்சல். அதையாவது மாற்றிவிடலாம். ‘நடமாடும்’தான் பெரிய சிக்கல். நடமாடும் நூலகம் இன்று இந்தத் தெருவில் நிற்கும், நாளை அடுத்த தெருவுக்குப் போகும். இந்த வீடு அப்படிப் போகாது. ஆலையில் கட்டி, எஃகு அடிச்சட்டத்தோடு லாரியில் இழுத்து வந்து மனையில் நிறுத்துகிறார்கள். அப்புறம் சக்கரங்களையும் இழுகொக்கியையும் கழற்றிவிடுவார்கள். கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அதன் மேல் வீட்டை அமர்த்தி, இரும்புப் பட்டைகளால் தரையோடு பிணைத்து, அடிப்பக்கத்தைச் சுற்றித் தகடு அடித்து மூடிவிடுவார்கள். பெரும்பாலான வீடுகள் அந்த இடத்தை விட்டு மறுபடி அசைவதே இல்லை. பெயர்த்துக் கொண்டுபோகப் பல ஆயிரம் டாலர் ஆகும். இரட்டை அகல வீடு என்றால் நடுவில் இரண்டாகப் பிரித்து, இரண்டு வண்டியில் ஏற்றி, போன இடத்தில் திரும்ப ஒட்ட வேண்டும். வீடு பழசாக இருந்தால் அடுத்த இடத்தில் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

அமெரிக்கர்களே கூட்டரசுச் சட்டத்தில் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். 1974-இல் கூட்டரசுச் சட்டம் வந்தது. 1976 ஜூன் 15 முதல் ஆலையில் கட்டும் இத்தகைய வீடுகளுக்கெல்லாம் ஒரே கட்டுமான விதி. 1980-இல் சட்டத்திலிருந்த ‘மொபைல் ஹோம்’ என்ற பெயரை ‘மேனுஃபேக்சர்டு ஹோம்’ என்று மாற்றினார்கள். பேச்சில் பழைய பெயர் இன்னும் நிற்கிறது. வாங்கப் போகிறவர் முதலில் தேடுவது வீட்டின் வெளிச்சுவரில் நிலையாகப் பொருத்திய சிறிய சிவப்பு அலுமினியத் தகட்டை. 1976 விதிக்கு உட்பட்டுக் கட்டியது என்பதற்கு அதுவே அத்தாட்சி. தகடு இருக்க வேண்டிய இடத்தை விதி ‘பின்விளக்கு முனை’ என்று சொல்கிறது. வழியில் வரும்போது பின்விளக்கு கட்டியிருந்த பக்கம் அது. அந்த ஒரு பயணத்தோடு நடமாட்டம் முடிந்தது.

> அப்படியானால் ‘ஆலைவீட்டு வளாகம்’?

‘ஆலைவீடு’ எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா. வீட்டுக்கு அதையே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே ஆலைவீட்டை ஒருவர் தன் சொந்த நிலத்திலும் நிறுத்திக்கொள்கிறார். அதை யாரும் ‘பார்க்’ என்று சொல்வதில்லை. வீடு குடியிருப்பவருக்கு, தரை இன்னொருவருக்கு என்று உரிமை பிரிந்து நிற்பதுதான் ‘பார்க்’கின் இயல்பு. மாதாமாதம் வசூலாவது தரைக்கான வாடகை. தமிழில் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: அடிமனை, அதாவது கட்டடத்துக்கு அடியில் இருக்கும் மனை. கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் பேசும் சொல், நீதிமன்றம் வரை போன சொல். ஆகவே என் பரிந்துரை: இடத்துக்கு ‘அடிமனைக் குடியிருப்பு’, ‘லாட் ரெண்ட்’டுக்கு ‘அடிமனை வாடகை’.

இது ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்.

40 மனை உள்ள ஒரு குடியிருப்பு. 30 மனையில் ஆள் இருக்கிறார்கள். அடிமனை வாடகை மாதம் 350 டாலர். ஆண்டுக்கு 1,26,000. சொத்துவரி, காப்பீடு, தண்ணீர், பழுது, மேலாளர் சம்பளம் என்று 40 விழுக்காடு போனால் மிச்சம் 75,600. 9 விழுக்காடு ஈட்டம் எதிர்பார்ப்பவர் 8,40,000 டாலர் வரை கொடுக்கலாம்.

இப்போது அந்த 30-இல் 10 வீடுகள் குடியிருப்பவருடையவை அல்ல, உரிமையாளருடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பேரும் வீட்டுக்கும் மனைக்கும் சேர்த்து 700 கொடுக்கிறார்கள். விற்பவர் எல்லாவற்றையும் ‘வாடகை’ என்ற ஒரே தலைப்பில் எழுதிக் கொடுப்பார். கூடுதலாக வருவது ஆண்டுக்கு 42,000. அதே 40 விழுக்காட்டைக் கழித்து அதே 9-ஆல் வகுத்தால், விலையில் 2,80,000 டாலர் ஏறிவிடும். வாங்குகிறவர் அந்தப் பணத்துக்குப் பெறுவது பத்துப் பழைய வீடுகள். கூரை ஒழுகினால், தண்ணீர் சூடாக்கும் தொட்டி ஓட்டையானால், தரைப்பலகை இற்றுப்போனால் எல்லாச் செலவும் அவர் தலையில். அந்த வீடுகளுக்கு 40 விழுக்காட்டுக் கணக்கு ஒருபோதும் கட்டாது. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் அடிமனை வாடகையை மட்டும் வைத்து விலை போடுவார்கள். வீடுகளுக்குத் தனியாக, விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலை.

ஆக, பட்டியலில் ‘அடிமனை வாடகை’யும் ‘வீட்டு வாடகை’யும் இரண்டு தனிப் பதிவுகளாகவே இருக்க வேண்டும். இரண்டையும் ‘வாடகை’ என்று மொழிபெயர்த்தால், படிப்பவரின் பணத்துக்கே கேடு.

வீட்டின் உரிமைப் பத்திரமும் தனி விவகாரம். பல மாநிலங்களில் இது அசையும் சொத்து. நம் ஊர் வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருப்பதுபோல் ஒரு சான்று, அதை வாகனத் துறையே தரும் மாநிலங்களும் உண்டு. பத்து வீடுகள் சேர்ந்து வந்தால் பத்துச் சான்றும் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். தொலைந்துபோன சான்றுகள் இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

> ‘அடிமனை’ என்றாலே வழக்கு, வம்பு. ஸ்ரீரங்கத்துக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். முதலீட்டுச் சொல்லுக்கு இந்த வாடை வேண்டுமா?

உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த வாடை பொருளோடு பிறந்தது. தரை ஒருவருக்கும் கட்டடம் இன்னொருவருக்கும் என்றாகிவிட்டால், எந்த நாட்டிலும் அதே கேள்வி எழும்: வெளியேறச் சொன்னால் கட்டடம் என்னாவது? பிறர் நிலத்தில் கட்டிக்கொண்டவர்களைக் காக்க 1921-இலேயே சென்னையில் சட்டம் கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியா 1978-இல் இந்தக் குடியிருப்புகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது. நியூ ஹாம்ப்ஷயரில் 1984-இல் மெரிடித் என்ற ஊரில் குடியிருப்போரே கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் தரையை வாங்கினார்கள். அந்த மாநிலத்தில் உரிமையாளர் விற்பதற்கு முன் குடியிருப்போருக்கு 60 நாள் அறிவிப்புத் தர வேண்டும். முதலீட்டாளருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டைக் கிளப்ப முடியாது என்பதால் குடியிருப்பவர் வாடகை ஏற்றத்தைத் தாங்கிக்கொள்வார் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவரிடம் ஒரே ஆண்டில் 100 டாலர் ஏற்றினால், அவர் வீட்டைப் போட்டுவிட்டுப் போவார். காலி மனையும் இடிக்க வேண்டிய வீடும் உரிமையாளருக்கு மிஞ்சும். ‘அடிமனை’ என்ற சொல் அந்த உறவை மறைக்காமல் சொல்கிறது. அதற்காகவும் எனக்கு அது வேண்டும்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

‘சப்மீட்டர்’ – சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் எல்லாரும் சொல்லும் சொல், ‘சப் மீட்டர்’ என்றே இருக்கட்டும். பதிவில் விளக்கம் மட்டும் சேர்ப்போம்: நகராட்சி முழு இடத்துக்கும் ஒரே தண்ணீர் மீட்டர் வைத்திருந்தால், குழாய் உடைந்து ஓடும் தண்ணீருக்கும் உரிமையாளர்தான் கட்ட வேண்டும். மனைக்கு மனை சப் மீட்டர் வைத்த பிறகு, அவரவர் வீட்டில் ஒழுகுவது அவரவர் கணக்கில் போகும்.

‘கிராண்ட்ஃபாதர்டு’ – இதற்கு ‘தாத்தா உரிமை’ வேண்டவே வேண்டாம். ‘முன்பயன்பாட்டு உரிமை’ என்கிறேன். நகரின் இன்றைய நிலப்பயன்பாட்டு விதி இப்படிப்பட்ட குடியிருப்பை அனுமதிக்காவிட்டாலும், விதிக்கு முன்பே இருந்ததால் தொடரலாம் என்ற உரிமை அது. சில ஊர்களில் மனை குறிப்பிட்ட காலம் காலியாகக் கிடந்தால் அந்த மனைக்கு உரிமை போய்விடும், புது வீடு கொண்டுவர விடமாட்டார்கள். ஆகையால் மேலே சொன்ன கணக்கில் காலியாக இருக்கும் 10 மனைக்கு விலை கொடுக்கும் முன் நகர அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

‘ஆரஞ்ச்பர்க்’ குழாய் – பெயர்ச்சொல், அப்படியே வைப்போம். மரக்கூழ் நாரில் தார் ஊட்டிச் செய்த கழிவுநீர்க் குழாய். 1950, 60-களில் போட்ட பல இடங்களில் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே இருக்கும் மண்ணின் கனத்தில் நசுங்கி, உள்ளே தோல் உரிந்து, கொப்புளம் கட்டி அடைத்துக்கொள்ளும். வாங்கும் முன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். முழுவதும் மாற்ற வேண்டியிருந்தால் சில ஆண்டு வருமானம் அதிலேயே போய்விடும்.

பதிவுக்கு என் வரைவு:

அடிமனைக் குடியிருப்பு – ஓர் உரிமையாளரின் நிலத்தில் பல மனைகள் பிரித்து, சாலை, தண்ணீர், கழிவுநீர், மின் இணைப்பு கொடுத்து, குடியிருப்போர் தங்கள் ஆலைவீடுகளை நிறுத்திக்கொள்ள அடிமனை வாடகைக்கு விடும் இடம்.

‘பேட்’ என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் வரவில்லை. வீடு அமரும் கான்கிரீட் அல்லது சரளைப் பரப்பு அது. ‘மேடை’ என்றால் உயரம் தோன்றுகிறது, ‘தளம்’ மாடியோடு குழம்புகிறது. குழுவில் கட்டுமான வேலையில் இருப்பவர்கள் கொத்தனார்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால், பதிவை இந்த வாரமே முடித்துவிடலாம்.

அன்புடன்.