‘த்ரீ-பாடி ப்ராப்ளம்’ நாவலில் பாதியில் நிற்கிறேன், எப்படித் தொடர்வது?

தேனருவி:
சீன எழுத்தாளர் லியூ சிஷின் எழுதிய ‘த்ரீ-பாடி ப்ராப்ளம்’ அறிவியல் புனைகதை நாவலை கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கிறேன். மாவோ காலச் சீனாவில் அறிஞர்களை வேட்டையாடிய கலாசாரப் புரட்சி பற்றித் தொடக்கத்தில் வரும் பகுதியைக் கீழே வைக்கவே முடியவில்லை. ஆராய்ச்சியாளர் வாங் மியாவ் ஒரு கணினி விளையாட்டுக்குள் போனதும் தலை சுற்றுகிறது. சூரியன் இஷ்டத்துக்கு வருகிறது, போகிறது. மனிதர்கள் உடலின் நீரை வெளியேற்றிவிட்டு வெறும் தோலாகச் சுருண்டுகொள்கிறார்கள். பெயர்களும் மனதில் நிற்கவில்லை. இயற்பியலைக் கொஞ்சம் படித்துவிட்டு வரவேண்டுமா? கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சேந்தன்:
தனியாக எதுவும் படிக்க வேண்டாம். அங்கே வாங் மியாவுக்கே ஒன்றும் புரிவதில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் சூரியனின் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வார். அது பொய்த்து, நாகரிகமே அழியும். யார் என்ன கணித்தார், எது பொய்த்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். விடை தலைப்பிலேயே இருக்கிறது: ‘மூன்று பொருள் சிக்கல்’.

அறிவியல் இவ்வளவு போதும்: ஒன்றையொன்று ஈர்க்கும் இரண்டு பொருள்களின் பாதையை நியூட்டனின் விதிகளை வைத்துக் கணக்கிட்டுவிடலாம். மூன்றாவது சேர்ந்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சூத்திரம் கிடையாது. தொடக்கத்தில் மயிரிழை மாறினாலும் போகப்போகப் பாதை எங்கோ போய்விடும்.

அப்புறம், பேரரசர் சின் ஷி ஹுவாங் வரும் அத்தியாயத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். 3 கோடி வீரர்களை நிறுத்தி ஒரு கணினியே செய்கிறார்கள். இருவர் தூக்கும் கொடிகளின் நிறத்தைப் பார்த்து மூன்றாமவர் தன் கொடியைத் தூக்குவார். கணினியின் மிகச் சிறிய கணக்கு அலகு அந்த மூவர்தான். அவர்களைத் தாளில் வரைந்து பாருங்கள். நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

கயல்:
பெயர்களுக்கு ஒரு வழி. சீனர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். திருமணமானாலும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறாது. பிள்ளைக்குப் பெரும்பாலும் அப்பாவின் குடும்பப் பெயர். அதனால்தான் யே வென்ஜியேவின் மகள் யாங் டாங். டிங் யி அந்த மகளின் காதலர். ‘டா ஷி’ என்பதும் போலீஸ்காரர் ஷி சியாங்தான்.

இன்னொன்று. 2006-ல் தொடராக வந்தபோது கலாசாரப் புரட்சிப் பகுதிதான் முதலில் இருந்தது. 2008-ல் சீனப் புத்தகத்தில் அதை நடுவில் தள்ளிவிட்டார்கள். 2014-ல் வந்த ஆங்கிலப் பதிப்பில் கென் லியூ, ஆசிரியரின் சம்மதத்தோடு, அதை மறுபடி முன்னால் கொண்டுவந்தார். சரியான முடிவு. ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கற்பித்ததற்காக யே வென்ஜியேவின் அப்பாவை மேடையில் அடித்தே கொல்கிறார்கள். அம்மாவே அவருக்கு எதிராகப் பேசுகிறார். மகள் யே கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். விளையாட்டில் என்ன குழப்பம் வந்தாலும் அந்த மகளை விட்டுவிடாதீர்கள். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

தேனருவி:
இருவருக்கும் நன்றி. யே, யாங் உறவு தெரிந்த பிறகு, வாங் மியாவ் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போகும் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். முதலில் கண்ணில் படாத துக்கமெல்லாம் இப்போது தெரிகிறது. கொடிகளையும் வரைந்துவிட்டேன். இரண்டாம் பாகமும் கென் லியூதானா?

கயல்:
இல்லை, ஜோயல் மார்ட்டின்சன். மூன்றாம் பாகம் மறுபடி கென் லியூ. இரண்டாம் பாகத்தின் பின்னட்டையை இப்போது படிக்காதீர்கள், முதல் பாகத்தின் முடிவு அதிலேயே இருக்கும்.