1500 மணி பறந்தால் கேப்டனா?

கழுகுக்கண்ணன்: "1500 மணி நேரம் பறந்தால் கேப்டன் ஆகிவிடலாம்" என்று நேற்று ஒருவர் அடித்துவிட்டிருந்தார். ஐயா, அது ஏ.டி.பி.எல்., அதாவது பயணிகள் விமான கேப்டனுக்குத் தேவையான உரிமம் வாங்கக் குறைந்தபட்சக் கணக்கு. என்னைக் கேட்டால் 5000 மணிக்குக் குறைந்தவர் கேப்டனின் இடது சீட்டில் உட்காரவே கூடாது.

ரன்வே ராஜா: 2010-ல் மங்களூரில் விழுந்த விமானத்தின் கேப்டன் 10,000 மணிக்கு மேல் பறந்தவர், சார். 158 பேர் போனார்கள்.

கழுகுக்கண்ணன்: அவர் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார். தூக்கத்துக்கும் அனுபவத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரன்வே ராஜா: 10,000 மணி சார். 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள் என்று கோ-பைலட் மூன்று தடவை சொல்லியும் கேட்கவில்லை. அந்த கோ-பைலட் அவரில் பாதிகூடப் பறந்ததில்லை.

தேன்மொழி: 2020 கோழிக்கோடு விமான விபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த கேப்டனும் 10,000 தாண்டியவர், முன்னாள் விமானப்படைக்காரர்.

கழுகுக்கண்ணன்: விமானப்படையை இழுக்காதீர்கள், மரியாதை கெட்டுவிடும். அன்று மழை, பின்காற்று.

தேன்மொழி: மழை என்றால் வேறு ஊருக்குத் திருப்பத்தானே அனுபவம்? கிட்டத்தட்ட பாதி ஓடுபாதை போன பிறகுதான் சக்கரமே தரையைத் தொட்டது.

கழுகுக்கண்ணன்: எல்லாரும் ஏ.சி. அறையில் உட்கார்ந்து விசாரணை நடத்துங்கள். 5000 என்றேன். அதற்குப் பதில் எங்கே?

சும்மா சுந்தர்: அமெரிக்காவில் கேப்டன் ஆக, ஏ.டி.பி. என்கிற அந்த ஊர் உரிமத்தோடு விமான நிறுவனத்திலேயே 1000 மணி கோ-பைலட்டாகப் பறந்திருக்க வேண்டும் என்பார்கள். செஸ்னா மாதிரி குட்டி விமானத்தில் ஊரைச் சுற்றிய கணக்கு மட்டும் போதாது. அந்த மாதிரி...

கழுகுக்கண்ணன்: செஸ்னாவைக் கேவலமாகப் பேசாதே தம்பி. எல்லாரும் அதில் தொடங்கியவர்கள்தான்.

சும்மா சுந்தர்: நான் எங்கே அண்ணே கேவலமாகப் பேசினேன்?

ரன்வே ராஜா: விடுங்க சுந்தர். 2009-ல் பஃபலோ அருகே 50 பேர் இறந்த பிறகுதான் அங்கே கோ-பைலட்டுக்கும் 1500 என்று சட்டம் போட்டார்கள். விழுந்த விமானத்தின் இரண்டு பைலட்டுகளுமே 1500 தாண்டியவர்கள்! சார் கணக்கும் அதே ரகம்தான்.

கழுகுக்கண்ணன்: அந்த கேப்டனுக்கு 5000 இருந்ததா? இல்லையே! நான் சொன்னது அதுதான்.

ரன்வே ராஜா: மங்களூர்க்காரருக்கு இருந்தது.

கழுகுக்கண்ணன்: அவர் தூங்கினார்!

தேன்மொழி: சார், போன மாசம் விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானத்தை ஜெட் என்று சாதித்தவர் நீங்கள்தானே?

கழுகுக்கண்ணன்: அதுவும் டர்பைன் என்ஜின்தான் என்றேன். திரிக்காதீர்கள். அட்மின், இந்த அம்மா தலைப்பை மாற்றுகிறார், கவனியுங்கள். மறுபடி சொல்கிறேன், 5000.