நம்ம குடும்பம் குழு: யாழினிக்கு வயலின்

சித்ரா அத்தை: யாழினி வயலின் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அண்ணா, நீங்களே சொல்லுங்கள்.

குமார் மாமா: ஏழாம் வகுப்பு வந்தாச்சு. இனிமேல் தொடங்கி என்ன ஆகப்போகிறது? வயலின் சோறு போடுமா மச்சான்?

முரளி பெரியப்பா: மாப்பிள்ளை, நான் 20 வருஷம் மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்தவன். தொண்ணூறுகளுக்கு அப்புறம் சோறு போடவில்லை, உண்மைதான். கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்ததும் வயலின்காரர்களைக் கூப்பிடுவது குறைந்துபோனது.

கார்த்தி: ரஹ்மான் வந்த பிறகுதானே பெரியப்பா?

முரளி பெரியப்பா: அவரும் ஒரு காரணம். 1992ல் ரோஜா பாட்டுகளைக் கேட்டு நாங்கள் வாயடைத்துப் போனோம். ஆனால் அவர்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. 9 வயதில் அப்பாவை இழந்த பிள்ளை. அப்பாவின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் வீடு நடந்தது. பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றது.

முரளி பெரியப்பா: அப்படி வளர்ந்தவர் 2008ல் சென்னையில் கேஎம் இசைப்பள்ளி தொடங்கினார். ஆஸ்கர் இரண்டு வாங்கியது அதற்கு அடுத்த வருஷம்தான். அந்தப் பள்ளியோடு சேர்ந்தது சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலின், வியோலா, செல்லோ எல்லாம் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். ஒருநாள் மேடையேற்றி போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிற வேலை இல்லை. வருஷக்கணக்கில் பயிற்சி.

முரளி பெரியப்பா: எங்கள் கையைவிட்டுப் போன வாத்தியத்தை இந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார். அவர் வாங்கிய விருதுகளைவிட எனக்கு இதுதான் பெரிசு.

சித்ரா அத்தை: இவள் இப்போதே பென்சிலை வயலின் வில் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அண்ணா. யூடியூபில் பார்த்தாளாம்.

முரளி பெரியப்பா: அட, அப்படித்தான் தொடங்கணும்! கட்டைவிரல் விறைக்காமல் கொஞ்சம் மடங்கியிருக்கணும். சுண்டுவிரல் நுனி மேலே உட்காரணும்.

குமார் மாமா: வயலினே எவ்வளவு ஆகும்?

முரளி பெரியப்பா: என்னுடையது பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிவாருங்கள். கையை நீட்டினால் வயலின் தலை உள்ளங்கைக்கு வருகிறதா பார்ப்போம். எட்டவில்லை என்றால் முக்கால் அளவு வாங்கலாம்.

குமார் மாமா: சரி மச்சான். பத்து மணிக்கு வருகிறோம்.

முரளி பெரியப்பா: கார்த்தி, நீ வரும்போது வயலின் வில்லில் தேய்க்கிற ரோசின் கட்டி ஒன்று வாங்கி வா. என்னிடம் இருந்தது தூளாகிப் போச்சு.