சூரை மீன் விருந்துக்குப் பின் 14 பேருக்கு முகம் சிவந்தது: மிச்ச மீனைக் கொட்டிவிடலாமா?

கேள்வி: கேட்டரிங் தொழில் செய்பவர், தூத்துக்குடி

வணக்கம். நேற்று மதியம் ஒரு மறுவீட்டு விருந்தில் 180 பேருக்குச் சமைத்துப் பரிமாறினோம். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் 14 பேருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்தன. அனைவரும் சூரை மீன் வறுவல் சாப்பிட்டவர்கள். கோழி மட்டும் சாப்பிட்டவர்கள் நலமாக இருக்கிறார்கள். ஊசி போட்டபின் எல்லோரும் இரவே வீடு திரும்பிவிட்டார்கள். மீனை என் கண் முன்னால்தான் மொறுமொறுவென வறுத்தார்கள், நாற்றமும் இல்லை. மிச்சத்தைக் கொட்டிப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு, ‘விருந்தாளிகளுக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிவிடுமாறு உறவினர் ஒருவர் கூறுகிறார். நாளை மறுநாள் இன்னொரு விருந்துக்கும் மீன் ஒப்புக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது?

பதில் 1: உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

ஐயா, எதையும் கொட்டாதீர்கள். ஒரே பந்தியில் 14 பேருக்கு ஒரே நேரத்தில் மீன் ஒவ்வாமை வருவது நடக்கிற காரியமன்று. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஹிஸ்டமின் நச்சுக்குப் பொருந்துகின்றன. சூரை, அயிலை, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது. நாற்றம் எழும் முன்பே அளவு கூடிவிடுவதும் உண்டு. நாக்கில் மிளகு பட்டதுபோல் உறைக்கும் என்பார்கள். நம் மசாலாவில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

உறைய வைத்தாலும் அழியாத அதே குணம் இப்போது உங்களுக்கு உதவும். மிச்ச வறுவலையும் சமைக்காத துண்டுகளையும் தனித்தனிப் பைகளில் கட்டி, தேதியும் நேரமும் எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு நீங்களாகவே தகவல் கொடுங்கள். இத்தகைய மீனில் ஹிஸ்டமின் கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, கொடுங்காயமல்லாத பாதிப்புக்கு 1 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு விதிக்க இடம் தருகிறது. உரிய கவனத்தோடு நடந்தேன் என்று வாதிட 80-ஆம் பிரிவில் வழியுண்டு. மீனைக் கொட்டியவர் அந்த வாதத்தை எதைக் காட்டி வைப்பார்?

பதில் 2: கேட்டரிங் நடத்துபவர், நாகர்கோவில்

அண்ணாச்சி, முதலில் பார்சல் கொண்டு போனவர்களுக்குப் போன் செய்து, அந்த மீனைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். மீன் வியாபாரியிடமும் பேசுங்கள். அதே பெட்டி வேறு கடைகளுக்கும் போயிருக்கலாம். விருந்து வீட்டாரை இன்றே நேரில் பாருங்கள். இதேபோல் மாட்டிக்கொண்டபோது நான் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. அந்தக் குடும்பம் மீனை மன்னித்தது, அந்த இரண்டு நாளை இன்றுவரை மன்னிக்கவில்லை. அடுத்த விருந்தில் சூரையை எடுத்துவிட்டுக் கோழி கொடுங்கள்.

பெட்டியின் மேலே ஐஸ் பளபளக்கும். அடியில் கையை விட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இப்போதெல்லாம் அடி மீனின் முதுகுச் சதையில் தெர்மாமீட்டரைக் குத்தி, 4 டிகிரிக்கு மேல் காட்டினால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பதில் 3: பொதுச் சுகாதாரத் துறை ஊழியர்

ஆய்வு முடிவு வரும் வரை ஹிஸ்டமின்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். யாருக்கு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டு எழுதுங்கள். அரை நாள் கழித்து வயிற்றுவலியும் கழிச்சலும் வந்தவர்கள் இருந்தால் விப்ரியோ போன்ற கிருமியையும் சந்தேகிக்க வேண்டும். 1950-இல் ஒசாகாவில் அரைகுறையாக உலர்த்திய சிறு மீனைச் சாப்பிட்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோதுதான் விப்ரியோ பாராஹீமோலிடிகஸ் கண்டறியப்பட்டது. அது சூட்டில் சாகும்; ஆனால் பச்சை இறால் கழுவிய தண்ணீர் சமைத்த உணவில் தெறித்தால் மீண்டும் தொற்றிக்கொள்ளும்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. மிச்ச வறுவலை ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். அலுவலர் நாளை காலை வருவதாகச் சொன்னார். பார்சல் போன இரண்டு வீடுகளில் ஒன்றில் இன்னும் பிரிக்கவில்லை. வண்டி ஓட்டுநரிடம் விசாரித்தேன்: ஐஸ் வரத் தாமதமானதால், மீன் பெட்டி மூன்று மணி நேரம் ஐஸ் இல்லாமல் இருந்ததாம்.