கூகி வா தியாங்கோவை வாசிப்பு வட்டத்தில் எங்கிருந்து தொடங்குவது?

பாமணியாறு (மன்னார்குடி):

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் ஞாயிறு மாலை வாசிப்பு வட்டம் நடக்கிறது. பதினைந்து பேர் வருவார்கள். ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், நாலைந்து விவசாயத் தொழிலாளர்கள். தொழிலாளர்களில் சிலர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள், ஆனால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். 2025 மே 28 அன்று கென்ய எழுத்தாளர் கூகி காலமானதிலிருந்து அவரை ஒழுங்காகப் படித்துவிட வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சம்பா நடவு ஆரம்பித்தால் ஆள் வராது என்பதால் எட்டு அமர்வில் முடித்தாக வேண்டும். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரம்.

முதல் நாவலிலிருந்து வெளியான வரிசையிலேயே போகலாமா? எந்த இடத்தில் வட்டம் சோர்ந்துபோகும்? விவரம் தெரிந்த தோழர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு (கும்பகோணம்):

வெளியான வரிசை வேண்டாம் தோழர். அது எழுதிய வரிசையும் இல்லை. ‘இடையில் ஓடும் நதி’யைத்தான் அவர் முதலில் எழுதினார். ஆனால் ‘வீப் நாட், சைல்ட்’ 1964-இலும் நதி 1965-இலும் வந்தன. இரண்டும் சின்ன நாவல்கள், தனியாகப் படித்துக்கொள்ளலாம். பதினைந்து பேர் கூடிப் படிக்க வேண்டிய கூகி 1977-இல் தொடங்குகிறார்.

அந்த ஒரு வருடத்தை முதல் அமர்வில் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். ஜூலையில் ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ ஆங்கிலத்தில் வெளிவருகிறது. சுதந்திர கென்யாவின் முதலாளிகளைக் கிழிகிழியென்று கிழிக்கும் நாவல். அதை வெளியிட்டு வைத்தவர் நிதி அமைச்சர் முவாய் கிபாகி. அக்டோபர் 2 அன்று, லிமுரு பக்கத்தில் கூகி பிறந்த கமிரித்து ஊரில், கூகி வா மிரி என்ற இன்னொருவருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘ங்காஹிகா ந்தீந்தா’ நாடகம் அவருடைய தாய்மொழியான கிகூயுவில் அரங்கேறுகிறது. நடித்தவர்கள் அந்த ஊர்க் கூலித் தொழிலாளர்களும் விவசாயிகளும். இரண்டாயிரம் பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கை ஊரே கட்டியது. நவம்பர் 16 அன்று அனுமதி ரத்து. டிசம்பர் 31 அன்று கைது. விசாரணை கிடையாது. 1978 டிசம்பர் வரை கமிட்டி என்ற பெயருள்ள சிறையில்.

ஆங்கில நாவலுக்கு அமைச்சர் வந்தார், கிகூயு நாடகத்துக்குப் போலீஸ் வந்தது. இதைப் புரிந்துகொண்டால் அடுத்து அவர் செய்தது எல்லாம் தானாக விளங்கும்.

அதனால் முதல் இரண்டு அமர்வு அந்த நாடகத்துக்கு. ஆங்கிலப் பிரதி ‘ஐ வில் மேரி வென் ஐ வான்ட்’, 1982, மூன்று அங்கம். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் காட்சியைத் தமிழில் சொல்லிக்கொண்டே போகட்டும், வசனத்தை இரண்டு பேர் எடுத்துச் சொல்லட்டும். கதை நம் ஊரில் நடந்தது மாதிரியே இருக்கும். கிகூண்டாவுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். அதன் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். முதலாளி கியோய், “தேவாலயத்தில் முறையாகக் கல்யாணம் செய்துகொள்” என்கிறார். செலவுக்கு நிலத்தை வைத்து வங்கிக் கடன். பிறகு வேலை போகிறது, நிலம் ஏலத்துக்கு வருகிறது, ஏலம் எடுப்பவர் அதே கியோய். பட்டா, அடமானம், ஏலம் மூன்றும் தெரிந்த ஆட்களுக்கு முன்னுரையே வேண்டாம். ஆசிரியர்கள் குறுக்கே புகுந்து விளக்கம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

குடமுருட்டி (திருவையாறு):

அரசலாறு சொல்வது சரி. அடுத்த நான்கு அமர்வை ‘சிலுவையில் தொங்கும் சாத்தா’னுக்குக் கொடுங்கள். தமிழில் இருக்கிறது, வாய்விட்டுப் படிக்கவே எழுதியது. கமிட்டி சிறையில் கழிப்பறைத் தாளில் எழுதிய நாவல் இதுதான். எழுதியதைச் சிறைக்காரர்கள் ஒருமுறை பறித்துப்போய்ச் சில வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். 1980 ஏப்ரலில் கிகூயுவில் வந்தது. 5,000 பிரதி அச்சிட்டு, விற்க மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும் என்று பதிப்பகம் நினைத்தது. ஒரே மாதத்தில் மறுபதிப்பு, டிசம்பருக்குள் 15,000. வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள், பேருந்தில் படித்தார்கள், மதுக்கடையில் படித்தார்கள். கதை சூடு பிடிக்கும் இடத்தில் படிப்பவர் நிறுத்திவிட்டுக் காலிக் கோப்பையைப் பார்ப்பாராம், கேட்பவர்கள் அடுத்த கோப்பை வாங்கித் தருவார்களாம். ‘அடையாள மீட்பு’ நூலில் கூகியே இதை எழுதியிருக்கிறார்.

இனி நடைமுறை. நாவல் பன்னிரண்டு அத்தியாயம். எல்லாவற்றையும் உரக்கப் படித்தால் நான்கு அமர்வில் முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் பேச்சுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினால் இருபது, இருபத்தைந்து பக்கம்தான் நகரும். எனவே மூன்று பகுதிகளை மட்டும் உரக்கப் படியுங்கள், இடைப்பட்டதை ஒருவர் கதையாகச் சொல்லட்டும். முதல் பகுதி, நாயகி வரீங்காவுக்கு வேலையும் வீடும் அடுத்தடுத்துப் போகும் தொடக்கம். இரண்டாவது, முவாராவின் ஓட்டை மட்டாட்டு வண்டியில் ஐந்து பயணிகள் இல்மொரோகுக்குப் போகும் இரவு. மட்டாட்டு என்றால் நம் ஷேர் ஆட்டோ, மினி பஸ் மாதிரி தனியார் வண்டி என்று ஒரு வரி சொன்னால் போதும். மூன்றாவது குகை.

குகையில்தான் வட்டம் தடுமாறும். திருடர்கள் போட்டி போட்டுத் தங்கள் திருட்டுப் பெருமையை மேடையேறிச் சொல்லும் பகுதி நீளமானது, ஒரே குரலில் படித்தால் அலுப்புத் தட்டும். ஒரு திருடனுக்கு ஒரு ஆள் என்று பிரித்துக் கொடுங்கள், எழுந்து நின்று படிக்கச் சொல்லுங்கள். கிட்டுட்டு மண்ணைச் சட்டியிலும் காற்றை டின்னிலும் அடைத்து விற்கத் திட்டம் போடுபவன். கிஹாஹு நர்சரிப் பள்ளிக்கு வெள்ளைக்காரக் குழந்தை பொம்மைகளை வைத்து ஆள் பிடித்தவன். கிமேந்தேரி தொழிலாளியின் வியர்வையையும் ரத்தத்தையும் மூளையையும் இயந்திரத்தால் கறந்து ஏற்றுமதி செய்ய நினைப்பவன். இவர்களை இரண்டு வாரத்துக்குப் பிரிக்காதீர்கள். ஒருவனை அடுத்தவன் மிஞ்சுவதில்தான் அதன் கூத்தே இருக்கிறது. நடுவில் ஏழு நாள் விழுந்தால் வேகம் செத்துவிடும்.

பெயர்கள் வாயில் நுழையாது என்று சிலர் ஒதுங்குவார்கள். சார்ட் அட்டையில் பெயர், தொழில், அவன் சொன்ன திட்டம் என்று மூன்று பத்தி போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

வெண்ணாறு (நீடாமங்கலம்):

இரண்டு பேருமே 1967-ஐத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த வருடம் வந்த ‘எ கிரெய்ன் ஆஃப் வீட்’ நாவல் இல்லாமல் கூகியை முடித்தேன் என்று சொல்லக் கூடாது. பிற்கால நாவல்களில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்த நாவலில் கடைசி வரை ஒருவரையும் அப்படி முத்திரை குத்த முடியாது. என் கணக்கில் அவருடைய கைத்திறன் உச்சத்தில் இருப்பது இதில்தான். கடைசி இரண்டு அமர்வை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலம் படிப்பவர்கள் வீட்டிலேயே முடித்துவிட்டு வரட்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கதை நடப்பது 1963 டிசம்பர் 12 சுதந்திர நாளை ஒட்டிய சில நாட்கள்தான், ஆனால் நினைவுகள், மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த நெருக்கடி நிலைக் காலத்துக்குப் போய்ப் போய் வரும். 1952 அக்டோபரில் நெருக்கடி நிலை, 1960-இல் அது முடிவு, 1963-இல் சுதந்திரம். இந்த மூன்று தேதி கையில் இல்லாதவர்கள் ஐம்பது பக்கத்துக்குள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நாயகன் முகோவின் ரகசியத்தை மட்டும் யாரும் முன்கூட்டியே உடைக்க வேண்டாம்.

இரண்டு, பதிப்பு. 1986-இல் கூகியே இந்த நாவலைத் திருத்தினார். ‘கட்சி’ என்று இருந்த இடங்கள் ‘இயக்கம்’ ஆயின. வெள்ளைக்காரப் பெண் லிண்ட் தொடர்பான வன்முறைக் காட்சி மாறியது. பழைய பதிப்பில் அவர் மீது பாலியல் வன்முறை நடக்கும், திருத்திய பதிப்பில் அவருடைய நாய் கொல்லப்படுவதோடு நிற்கும். ஒருவர் கையில் பழையது, இன்னொருவர் கையில் புதியது இருந்தால் ‘அப்படி ஒரு காட்சியே இல்லை’ என்று சண்டை வரும். முதலிலேயே உரிமைப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், ஒரு எழுத்தாளர் இருபது வருடத்தில் எப்படி மாறினார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பாமணியாறு:

மிக்க நன்றி தோழர்களே. நாடகம் இரண்டு, சாத்தான் நான்கு, கடைசி இரண்டு வெண்ணாறு சொன்னது என்று முடிவு செய்கிறோம். ஒரு சந்தேகம். 1977-க்குப் பிறகு அவர் ஆங்கிலத்தில் எழுதவே இல்லை என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். சரியா?

அரசலாறு:

பாதி சரி. புனைகதை, நாடகம் எல்லாம் கிகூயுவில் போனது. ‘சாத்தா’னை அவரே ஆங்கிலமாக்கினார், 1982. ‘மட்டிகாரி’யை வங்குய் வா கோரோ ஆங்கிலமாக்கினார், 1989. ‘விஸர்ட் ஆஃப் தி குரோ’ மறுபடியும் அவரே, 2006. ஆனால் சிறை நினைவுகளான ‘டிட்டெய்ன்ட்’ 1981-இல் ஆங்கிலத்தில்தான் வந்தது. 2010-இல் வந்த சிறுவயது நினைவுகள் ‘ட்ரீம்ஸ் இன் எ டைம் ஆஃப் வார்’ நூலும் ஆங்கிலத்தில் எழுதியதே. மாணவர்களில் யாராவது ஒருவர் அந்த நினைவு நூலைப் படித்து, கடைசி அமர்வில் பத்து நிமிடம் பேசட்டும்.

கல்லூரி நூலகங்களில் தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். முதல் மூன்று நாவல்களின் பழைய பதிப்புகளில் ஆசிரியர் பெயர் கூகியின் பழைய பெயரான ஜேம்ஸ் நுகுகி (James Ngugi) என்றுதான் இருக்கும். அட்டவணையில் அந்தப் பெயரிலும் தேடச் சொல்லுங்கள்.