தண்டையார்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் கோய் குளம், கையில் 25 ஆயிரம்: நடக்குமா?

பின்கட்டு வாசி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லும் ஒரு முருங்கை மரமும் போக, 12க்கு 9 அடி இடம் சும்மா கிடக்கிறது. போன மாதம் கொளத்தூரில் கலர் மீன் கடைகளைச் சுற்றிவிட்டு வந்ததிலிருந்து கோய் என்கிற கலர் கெண்டை மீன் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. 8 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழம், நானும் மச்சானும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோண்டி, உள்ளே தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் கல் பதித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மொத்தம் 25,000 ரூபாய்தான் இருக்கிறது, அதற்கு மேல் வீட்டில் கேட்க முடியாது.

சிமெண்ட் பூசுவதா, பாய் போதுமா? போர் தண்ணீர் உப்பு, வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் துருப் போலப் படிகிறது. அதனால் மெட்ரோ வாட்டர்தான். பத்துப் பதினைந்து மீன் விட ஆசை. அம்மா, கொசு வரும் என்கிறார், அப்புறம் தண்ணீர் என்றால் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டுமாம். அந்த மூலையில்தான் முருங்கை நிற்கிறது! அக்கா பையனுக்கு மூன்று வயது, வாரா வாரம் வருவான், அதையும் யோசிக்க வேண்டும்.

கொடுங்கையூர்க்காரன்:

முதலில் கடப்பாரையைக் கீழே வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே என்னுடைய 2021 திட்டம். மூன்றரை அடி தோண்டினேன். ஜூனில் தோண்டியதால் மண் காய்ந்து கிடந்தது, எல்லாம் அழகாகத்தான் இருந்தது. நவம்பரில் மழை பிடித்ததும் நிலத்தடி நீர் ஏறி, பாய்க்கு அடியில் ஊறி, நடுக்குளத்தில் பாய் பூரி மாதிரி உப்பிக்கொண்டு மேலே வந்துவிட்டது. மீன்கள் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன. ஏறி மிதித்துப் பார்த்தேன், இன்னொரு பக்கம் உப்பியது. நம் பக்கத்தில் மழைக்காலத்தில் ரெண்டு அடி தோண்டினாலே ஊறுகிற தெருக்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அதோடு விட்டதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, குளமும் தெருவும் ஒன்றாகிவிட்டன, என் ஆறு கோயும் எந்தக் கால்வாயில் போய்ச் சேர்ந்தன என்று இன்று வரை தெரியாது.

இப்போது தரைக்கு மேலே கட்டியிருக்கிறேன். 6 இஞ்ச் ஹாலோ பிளாக், ஐந்து வரிசை, மூன்று அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். உங்கள் அளவுக்குச் சுமார் 105 கல் பிடிக்கும். கல்லின் ஓட்டைகளில் இரண்டு அடிக்கு ஒரு கம்பி நிறுத்தி ஜல்லிக் கலவை கொட்டி நிரப்புங்கள், மூலைகளில் கட்டாயம். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், உள்ளே மூன்று டன்னுக்கு மேல் தண்ணீர் நிற்கப்போகிறது, 8 அடிச் சுவர் நடுவில் தொப்பை போட்டால் ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும். தரையை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிவிட்டு, ஒரு இஞ்ச் மணல், மேலே பழைய சாக்கு, அதற்கு மேலே பாய்.

பாய் என்றால் லாரி மேல் கட்டுகிற தார்ப்பாய் இல்லை. ஒரு கடையில் அதைத்தான் குளத்துப் பாய் என்று தலையில் கட்டினார்கள், ஒரே வெயிலில் மடிப்புகளில் விரிசல் விட்டது. விவசாயப் பண்ணைக் குட்டைக்குப் போடுகிற 500 மைக்ரான் ஷீட் கேளுங்கள். அளவுக் கணக்கு இதுதான்: நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, ஓரத்துக்குப் பக்கத்துக்கு ஒரு அடி சேருங்கள், அகலத்துக்கும் அப்படியே. உங்களுக்கு 16க்கு 13 அடி. சுவருக்கு மேலிருந்து 3 இஞ்ச் கீழே இரண்டு இஞ்ச் பைப் ஒன்று விட்டு அதன் வாயில் வலை கட்டுங்கள், மழைத் தண்ணீர் தானாக வெளியே போகும், மீன் போகாது.

முருங்கை மூலை வேண்டவே வேண்டாம். இலை உதிர்வது ஒரு பக்கம், கம்பளிப்பூச்சி சீசனில் என்ன செய்வீர்கள்? அம்மாவுக்கு அந்த மூலையில் ஒரு துளசி மாடம் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கொளத்தூர் தொட்டி:

தம்பி, வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டிகளில் மீன் வளர்த்து விற்கிறவன் நான். உனக்குப் பதினைந்து மீன் விற்றால் எனக்கு லாபம்தான், ஆனாலும் சொல்கிறேன், நாலுக்கு மேல் விடாதே. உன் தொட்டி 3 இஞ்ச் குறைத்து நிரப்பினால் சுமார் 3,100 லிட்டர். கடையில் நீ பார்த்தது மூணு இஞ்ச் குட்டி. கோய் என்பது கெண்டை, நன்றாக வளர்ந்தால் இரண்டு அடி வரும். பெரிய மீன் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்பதுதான் நாங்கள் சொல்கிற கணக்கு, நாலே கொஞ்சம் நெருக்கம்தான்.

நீ ஃபில்டரைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. எல்லோரும் அப்படித்தான், குளத்தைப் பற்றிப் பேசுவார்கள், மீனைப் பற்றிப் பேசுவார்கள், மூணாவது வாரம் செத்த மீனைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். மீன் விடுகிற அம்மோனியா தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம், இன்னொன்று அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு மோசமில்லை. இந்த இரண்டு பாக்டீரியாவும் ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதனால் முதலில் ஒரே ஒரு மீன் விட்டு, கொஞ்சமாகத் தீனி போட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டின பிறகு மீதியை விடு.

200 லிட்டர் நீல டிரம் இரண்டு வாங்கு. முன்னே என்ன இருந்தது என்று கேட்டு வாங்கு, ஊறுகாய் வந்தது என்றால் கழுவிக்கொள்ளலாம், கெமிக்கல் வந்ததைத் தொடாதே. பம்ப் தண்ணீரை முதல் டிரம்மின் அடியில் விடும், அழுக்கு அங்கேயே தங்கட்டும், மேலாக வழிகிற தண்ணீர் இரண்டாவது டிரம்முக்குப் போகட்டும். அதில் பாத்திரம் தேய்க்கிற நைலான் நாரை மூட்டை மூட்டையாகப் போடு. கடையில் விற்கிற விலை உயர்ந்த பந்துகள் செய்கிற வேலையை அது செய்யும், பாக்டீரியாவுக்கு உட்கார இடம்தான் வேண்டும். அங்கிருந்து தண்ணீர் ஓர் அடி உயரத்திலிருந்து குளத்தில் விழுந்தால் காற்றும் கலக்கும். அந்த நாரைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவாதே, குளோரினில் எல்லாம் செத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குளத்துத் தண்ணீரிலேயே அலசு.

மெட்ரோ வாட்டரில் இருக்கிற குளோரினைப் போக்க ஹைப்போ கல் (சோடியம் தயோசல்பேட், பிளீச்சிங் ஹைப்போ இல்லை) போடு, ஆயிரம் லிட்டருக்கு 10 முதல் 15 கிராம், கரைத்து ஊற்று. வாராவாரம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று, அதை முருங்கைக்கு விடு, காய் எப்படிப் பிடிக்கிறது என்று அப்புறம் சொல்.

பெரம்பூர் ஒயர்மேன்:

யாரும் கரண்ட் பற்றிச் சொல்லவில்லை. தண்ணீருக்குள் பம்ப், பக்கத்தில் குழந்தை: 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். கொல்லைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துவிட்டு மேலே பாலித்தீன் கவர் கட்டுகிற கதை வேண்டாம், மழை படாத இடத்தில் தனி லைன், சரியான எர்த். பம்பில் கை வைப்பதற்கு முன் மெயினை அணையுங்கள்.

40 வாட் பம்ப் இரவு பகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட், 18 வாட் ஏர் பம்புக்கு 26. ஆக 84. இலவச யூனிட்டை வீடே தின்றுவிடும், அதனால் இது முழுக்கக் கூடுதல் செலவு என்று கணக்கு வையுங்கள்.

பின்கட்டு வாசி:

தோண்டுகிற திட்டத்தைக் கைவிட்டாயிற்று, மச்சானுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். இரண்டு சந்தேகம். ராத்திரி பம்பை அணைத்துவிட்டால் பில் பாதியாகுமே? அப்புறம் பாய் இல்லாமல் உள்ளே சிமெண்ட் பூசிவிட்டால் பல வருஷம் உழைக்காதா?

கொளத்தூர் தொட்டி:

அணைக்காதே தம்பி. அந்த பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும், தண்ணீர் ஓடாமல் ராத்திரி முழுக்க நின்றால் டிரம்மில் அழுகல் வாடை வரும், காலையில் போட்டதும் அது மொத்தமும் குளத்துக்குப் போகும். மே மாதம் இன்னும் மோசம். தண்ணீர் சூடேற ஏற அதில் நிற்கிற ஆக்சிஜன் குறையும், கோய் குளிர்ப்பக்கத்து மீன், 30 டிகிரிக்கு மேல் போனால் திணறி மேலே வந்து வாயைத் திறக்கும். மேலே பாதிக்குப் பச்சை ஷேட் நெட் கட்டு. கரண்ட் போகிற நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்.

சிமெண்ட் உழைக்கும்தான், ஆனால் புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு இறங்கும், பிஎச் ஏறும், பிஎச் ஏறினால் அம்மோனியாவின் கடுமையும் ஏறும். நாங்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வைத்து, கொட்டி, மறுபடி நிரப்பி, இப்படியே மூணு நாலு வாரம் செய்வோம். உனக்குப் பொறுமை இருந்தால் செய், ஆனால் மெட்ரோ வாட்டரை மூவாயிரம் லிட்டராக நாலு தடவை கொட்ட மனசு வருமா?

ராயபுரம் ரசிகன்:

எனக்கு மாற்றுக் கருத்து. நாலு கோய்க்கு இத்தனை கூத்தா? அதே தொட்டியில் மோலி, கப்பி, நாலு தங்க மீன் விடுங்கள். வெயில் தாங்கும், கப்பி கொசுப்புழுவைத் தின்னும், அம்மாவும் சமாதானம் ஆவார். கோய்தான் வேண்டும் என்றால் கோயில் குளத்தில் போடுகிற மாதிரி பொரி போடாதீர்கள், ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மிதக்கிற தீனி, அவ்வளவுதான். மேலே மூடுவதற்குக் காசிமேட்டில் பழைய நைலான் வலை சல்லிசாகக் கிடைக்கும். கால்வாய்ப் பக்கத்துக் கொக்குக்கு உங்கள் தொட்டி டிபன் பாக்ஸ் மாதிரி. குழந்தைக்கு அந்த வலை போதாது, சுவரில் சட்டம் அடித்து வெல்ட் மெஷ் போட்டுப் பூட்டுங்கள், மூணடி சுவரை மூணு வயசுப் பையன் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவான்.

பின்கட்டு வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கல், சிமெண்ட், கம்பி, ஒரு நாள் கொத்தனார் கூலி எல்லாம் பத்தாயிரம், பாய் இரண்டரை, பம்பும் ஏர் பம்பும் ஐந்து, டிரம்மும் பைப்பும் மூன்று, ஆர்சிசிபியும் மெஷ் மூடியும் மூன்றரை. மீதி ஆயிரம், அதில் டெஸ்ட் கிட் போக ஒரு மீன் வாங்கலாம். கொளத்தூர் அண்ணா சொன்ன முதல் மீனும் ஒன்றுதான் என்பதால் சரியாகத்தான் போகிறது. பொங்கலுக்குப் பிறகு வேலை ஆரம்பம். இடம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அம்மா ஒத்துக்கொண்டார், ஆனால் சோப்புத் தண்ணீர் தெறிக்காமல் கல்லை நீதான் நகர்த்த வேண்டும் என்கிறார். அந்தக் கல்லை நகர்த்த நாலு ஆள் வேண்டும், தண்டையார்பேட்டைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், டீ நம் செலவு.