வார்ம்டோன் தாளுக்குத் தமிழ்ச்சொல்: வெந்நிறமா, வெஞ்சாயலா?

அ.செ. எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கறுப்பு வெள்ளைப் படங்களை இருட்டறையில் அச்சிடக் கற்றுத்தரும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். நெகட்டிவ், என்லார்ஜர், டெவலப்பர், ஹைப்போ எல்லாம் மாணவர் நாவில் புழங்கும் சொற்கள். அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். தாள் தேர்வு பற்றிய பாடத்தில்தான் வண்டி நிற்கிறது. வார்ம்டோன் பேப்பர் (படத்தின் கறுப்பு சற்றுப் பழுப்பாகத் தெரியும் தாள்), கூல்டோன் பேப்பர் (கறுப்பு சற்று நீலம் கலந்து தெரியும் தாள்) இரண்டும் வரிக்கு வரி வருகின்றன. மெய்ப்புப் பார்த்தவர் 'வெப்பத் தாள்' என்று போட்டிருக்கிறார். கடையில் பில் அடித்துத் தரும் தாளுக்கு அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. போதாக்குறைக்கு, அதே பாடத்தில், படத்தைத் தாளில் தெரியவைக்கும் டெவலப்பர் கரைசலின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்றும் வருகிறது; மாணவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார். வழி சொல்லுங்கள்.

பு.வே. எழுதியது:

வெம்மையும் நிறமும் சேர்ந்தால் வெந்நிறம், வெந்நீர் போல. தண்மையும் நிறமும் சேர்ந்தால் தண்ணிறம். வெந்நிறத் தாள், தண்ணிறத் தாள். இலக்கணம் வழுவாத இணைச்சொற்கள் கையில் இருக்கும்போது எதற்குக் கடன்?

ரா.க. எழுதியது:

ஐயா, புணர்ச்சியில் பிழையில்லை. ஆனால் வகுப்பில் வாயால் சொல்லிப் பாருங்கள். வெந்நிறத் தாள் என்றால் பாதிப் பேர் வெண்ணிறத் தாள் என்றே எழுதிக்கொள்வார்கள். எந்தத் தாள் தூய வெள்ளை, எந்தத் தாள் அப்படியில்லை என்று பிரித்துச் சொல்லும் பாடத்தில் இந்தக் குழப்பம் கூடவே கூடாது.

பு.வே. எழுதியது:

ஒப்புகிறேன். அப்படியானால் தொல்காப்பியத்துக்கே போவோம். 'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்கிறது அதன் உரியியல் என்ற பகுதி. நிறத்துக்கு நிறம் என்ற ஒரு சொல்தானா நம்மிடம் உண்டு? செங்கழுநீரைச் செங்கெழுநீர் என்றும் எழுதுகிறோம். அந்தக் கெழு இந்தக் கெழுதான் என்பது என் துணிபு. செங்கெழு தாள் என்று வையுங்கள். நின்றுபோன சொல்லுக்கு உயிர் வரும்.

தி.மு. எழுதியது:

ஐயா மன்னிக்க வேண்டும், கெழு நின்றுபோகவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இயற்கணிதம் படிக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் மாறிக்கு முன்னால் நிற்கும் எண்ணைக் கெழு என்றே படிக்கிறார்கள். நான் அதைக் கற்பித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். இலங்கைப் பாடநூல்களில் அதற்குக் குணகம் என்று பெயர். அங்கே வேண்டுமானால் கெழு காலியாக இருக்கலாம்.

இன்னொன்று. இயற்பியல்படி பார்த்தால் வெம்மை என்ற சொல்லே தலைகீழானது. மெழுகுவர்த்திச் சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1900 கெல்வின், பகலொளியினுடையது 5500. நாம் சூடான நிறம் என்று சொல்வது உண்மையில் குறைந்த வெப்பநிலைக்கு உரியது.

ய.சி. எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். வெதுவெதுப்பு எல்லாருக்கும் தெரியும். வெதுநிறத் தாள் என்றால் என்ன? வெதுப்புத் தாள் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். எங்களுக்கு வெதுப்பகம் என்றால் பேக்கரி. அந்தத் தாளில் பணிஸ் சுற்றித் தருவார்கள் என்று நினைத்துக்கொள்வோம்.

வ.ந. எழுதியது:

நெடுநாளாக இருட்டறையில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளில் 'வார்ம்' என்பது இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று படத்தை உருவாக்கும் வெள்ளி உலோக மணிகளில், மற்றொன்று அவற்றைத் தாங்கும் அடித்தாளில். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் வாங்குகிற பிள்ளை ஏமாந்துபோவான்.

வெள்ளி குளோரைடு மிகுந்த எமல்ஷனில் (தாளின் மேல் பூசிய ஒளியுணர் படலத்தில்) விளையும் வெள்ளி மணிகள் மிக நுண்ணியவை. அவை நீல ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால் படம் பழுப்பாகத் தெரிகிறது. புரோமைடு மிகுந்தால் மணி பருத்து, கறுப்பு நடுநிலையாகவோ சற்றுக் குளிர்ந்தோ நிற்கும். டெவலப்பரில் கூடுதலாக நீர் கலந்தால், பொட்டாசியம் புரோமைடு சேர்த்தால், ஒளியைக் கூட்டிக் கொடுத்து டெவலப்பரில் இருக்கும் நேரத்தைக் குறைத்தால் பழுப்பு இன்னும் ஏறும். ஆக, இந்த நிறம் பாதி தாளில் இருக்கிறது, பாதி அச்சிடுபவர் கையில் இருக்கிறது.

அடித்தாளின் நிறம் அப்படியல்ல. அதை எந்த டெவலப்பரும் அசைக்காது. காய்ந்த அச்சின் வெள்ளை ஓரத்தில், தாளைப் பிடித்து வைக்கும் ஈசல் (easel) சட்டத்தின் தகடு மறைத்திருந்த பகுதியில், சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றை ஒட்டி வைத்துப் பாருங்கள். ஓரம் பாலாடை நிறமாகத் தெரிந்தால் அது அடித்தாள். பிறகு முகத்தில் கன்னத்து நிழலைப் பாருங்கள். அந்த நடுச்சாயலில் தெரியும் பழுப்பு வெள்ளியினுடையது. முழுக் கறுப்பில் இந்த வேறுபாடு கண்ணுக்கு அநேகமாக எட்டாது. தொட்டியில் நனைந்து கிடக்கும்போது பார்த்து முடிவுகட்டவே கூடாது. காய்ந்தால் சாயல் மாறும்.

அச்சின் நிறத்தை மாற்றும் செலினியம் கரைசலில் போட்டாலும் இரண்டு வகைத் தாளும் பிரிந்துவிடும். வார்ம்டோன் தாள் செம்பழுப்பை நோக்கிப் போகும். குளிர்ந்த தாளில் நிறம் பெரிதாக மாறாது, கறுப்பு மட்டும் ஆழமாகும்.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கோடாக் 2005இல் கறுப்பு வெள்ளைத் தாளைக் கைவிட்டது. 'இந்து' என்ற பெயரில் போட்டோ தாள் தயாரித்த ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் மூடிவிட்டது. இன்று இங்கிலாந்தின் இல்ஃபோர்டு வார்ம்டோனையும் செக் நாட்டு ஃபோமாடோனையும் பெரிதும் நம்பியிருக்கிறோம். கப்பலேறி வரும் பெட்டி. சொல் தெளிவாக இல்லாமல் ஒரு மாணவர் வேண்டாத தாளை வாங்கிவிட்டால் அந்த மாதம் அவருக்கு அச்சே கிடையாது.

ரா.க. எழுதியது:

அப்படியானால் பழுப்புச்சாயல் தாள் என்றே வைத்துவிடலாமே? படித்தவுடன் புரியும்.

வ.ந. எழுதியது:

புரியும், தவறாகப் புரியும். பழுப்பேறிய தாள் என்றால் பழைய தாள், கெட்டுப்போன தாள் என்றுதான் கடைக்காரரும் எடுத்துக்கொள்வார்.

பு.வே. எழுதியது:

வ.ந. அவர்களின் மடலை இருமுறை படித்தேன். நிறம் வேண்டாம், சாயல் என்று கொள்வோம். வெம்மையும் சாயலும் சேர்ந்தால் வெஞ்சாயல், வெஞ்சினம் போல. வெண்மையோடு சேர்ந்தால் வெண்சாயல். காதுக்கு இரண்டும் தனித்தனி. தண்சாயல் அதற்கு இணை. வெம்மை என்றால் கொடுமை என்று யாரும் மறுக்க வேண்டாம். 'வெம்மை வேண்டல்' என்பதும் உரியியலே. விருப்பம் என்று பொருள். 'சாயல் மென்மை' என்பதும் அங்கேயே இருக்கிறது. விரும்பத்தக்க மென்மை! கன்னத்து நிழல் என்று வ.ந. சொன்னது இதைத்தானே?

வ.ந. எழுதியது:

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மென்மை என்ற விளக்கத்தைக் கையேட்டில் சேர்க்காதீர்கள். இருட்டறையில் மென்மை என்றால் காண்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, குறைவு. வார்ம்டோன் தாளில் காண்ட்ராஸ்ட் மிகுந்த அச்சும் எடுக்கலாம்.

தி.மு. எழுதியது:

என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கடையில் பெட்டியின் மேல் வார்ம்டோன் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. கல்லாவில் நின்று வெஞ்சாயல் கேட்டால் எந்தப் பெட்டி வரும்? என்லார்ஜரைத் தமிழாக்காமல் விட்டவர்கள் இதை மட்டும் ஏன் தமிழாக்க வேண்டும்?

பு.வே. எழுதியது:

என்லார்ஜர் ஒரு கருவி. அதன் பெயர் தெரிந்தால் போதும், வேலை நடக்கும். இது கண் தேறவேண்டிய ஒரு வேறுபாடு. தாய்மொழியில் பெயர் வைத்தால் கண் அதை விரைவில் பிடிக்கும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ய.சி. எழுதியது:

வெதுநிறம் என் விருப்பம், வெஞ்சாயலுக்கு மறுப்பில்லை. நேரமாகிவிட்டது, முடியுங்கள்.

அ.செ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் இசைவதால் வெள்ளியின் நிறத்துக்கு வெஞ்சாயல், தண்சாயல் என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் வார்ம்டோன் என்பதும் பக்கத்தில் நிற்கும். கடைக்குப் போகிறவருக்கு அது உதவும். அடித்தாளுக்குப் பாலாடை வெண்மை, தூய வெண்மை என்று அட்டவணையில் தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

வ.ந. எழுதியது:

பாலாடை நான் விளக்கத்துக்குச் சொன்னது, அதைக் கலைச்சொல்லாக்கிவிடாதீர்கள். அடித்தாளுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. யானைத் தந்த வெண்மை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எனக்கு அது மஞ்சள் குறைவாகப் படுகிறது. இரண்டு நாள் பொறுக்க முடியுமா?